வீராயி பாடாத ஒப்பாரி

மேலூர் ரோடு, ஸ்ரீரங்கம்
9.6.2024

தங்கச்சி காளியாயிக்கு,

அக்கா வீராயி எழுதுவது. நான் சாப்பிடுகிறேன், நடக்கிறேன், கண் நன்றாகத் தெரிகிறது. காது மட்டும் போன வைகாசியோடு முழுசாக அடைத்துக்கொண்டது. உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? உன் மகன் இன்னும் அந்த ஓட்டைச் சைக்கிளில்தான் ஒர்க்‌ஷாப்புக்குப் போகிறானா?

காது கேட்காதவளுக்குப் போன் எதற்கென்று அதைப் பக்கத்துப் போர்ஷன் டோரதியிடம் கொடுத்துவிட்டேன். ரிட்டையர் ஆன நர்ஸம்மா, உனக்குத் தெரியும். இனி உனக்கும் எனக்கும் கடிதாசிதான். நான் அஞ்சாவதோடு நின்றவள், ஆனாலும் என் எழுத்தில் ஒரு வாத்தியாரும் பிழை கண்டதில்லை. நீ மூணாவது. பரவாயில்லை எழுது, படித்துக்கொள்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை பேரன் பீமராவ் வந்தான். ஐஸ் பெட்டி ஏற்றுகிற வண்டியை என் வாசலிலேயே நிறுத்திவிட்டான். யார் செத்தது என்று தெருவே எட்டிப் பார்த்தது. சிலேட்டை எடுத்து எழுதினான்: "அப்பாவுக்கு ரெண்டு கிட்னியும் போச்சு. டாக்டர் நாள் சொல்லிட்டாங்க. முடிஞ்சதும் நீங்க வந்து பாடணும் அம்மாயி."

மாட்டேன் என்று தலையை ஆட்டினேன். அழித்துவிட்டு எழுதினான்: "அவர் என் அப்பா." மறுபடியும் ஆட்டினேன். வைத்த காப்பியைத் தொடாமல் போய்விட்டான்.

அவனுக்குக் காரணம் தெரியாது. உனக்குத் தெரியும். என் மகள் மலர்க்கொடி ஆஸ்பத்திரியில் கிடந்த மூன்று நாளும் அவளை வாழையிலையில் புரட்டிப் போட்டது நாம் ரெண்டு பேரும்தானே. வாக்குமூலம் எழுதிக்கொள்ள வந்த அதிகாரியிடம் ஸ்டவ் வெடித்தது என்று சொன்னாள். அவர் போனதும் என்னைக் குனியச் சொல்லி, "ஸ்டவ் இல்லம்மா, அவருதான் ஊத்துனாரு. பயலுக்கு அப்பா வேணும். வெளிய சொல்லிராத" என்றாள். அவள் உடம்பில் தொட்டுச் சத்தியம் செய்ய இடமில்லை. கட்டில் காலைத் தொட்டுச் செய்தேன். பயலுக்கு அப்போது நாலு வயசு.

இருபத்தைந்து வருஷம் காப்பாற்றிவிட்டேன். நல்லதம்பி மறு வருஷமே வேறு கல்யாணம் கட்டிக்கொண்டு பயலை என்னிடம் தள்ளினான். அப்போதும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் அவன் பிணத்தின் முன்னால் உட்கார்ந்து நான் அழ மாட்டேன். தொட்டியத்திலிருந்து பொன்மலை வரை நம் ஜனத்தில் வீராயி பாடாத சாவு கிடையாது. அப்படிப்பட்டவள், அதுவும் மாமியார்க்காரி, ஒரு பிணத்துக்கு வரவில்லை என்றால் ஏன் என்று நாலு பேர் கேட்பார்கள். கேட்கட்டும். நான் சொல்லக் கூடாததை என் மூடிய வாய் சொல்லட்டும். என் மகளுக்காக என்னிடம் மிச்சமிருப்பது அது ஒன்றுதான்.

பயலிடம் நீயும் மூச்சு விடாதே. முட்டிக்கு நல்லெண்ணெய் போடு.

அக்கா,
வீராயி


பொன்மலை
20.6.2024

அக்காவுக்கு காளியாயி கும்பிட்டு எழுதுறது.

உன் கடுதாசி வந்துச்சு. முட்டி அப்படியேதான் இருக்கு, நான்தான் தேஞ்சுட்டேன். சைக்கிளைக் குறை சொல்லாத, அது என் மருமகளை விட அமைதியா இருக்கு.

பீமராவ் இங்கயும் வந்தான். நல்லதம்பி வீட்டுக்கு வாரத்துல மூணு நாள் வரான், ஆஸ்பத்திரிக்கு ரத்தம் சுத்தம் பண்ணக் கூட்டிப்போறது இவன்தான். முன்னெல்லாம் வாசல்ல நிக்க வச்சுப் பேசுன மனுசன் இப்ப இவன் தோளைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நடக்குறான். பயலுக்கு அதுல ஒரு பெருமை. பாக்கப் பாவமா இருக்கு.

இன்னொரு அதிசயம் கேளு. அடுப்படில வெங்காயம் நறுக்கிட்டு இருக்கேன், கூடத்துல நீ பாடுற! உன்னை மாதிரியே அடிவயித்துல இருந்து இழுத்து, கடைசில மூக்குல முடிச்சு. கத்தியைப் போட்டுட்டு, "அக்கா எப்ப வந்த?"ன்னு ஓடி வந்தேன். பாத்தா பீமராவ் போனை வச்சுக்கிட்டுச் சிரிக்கிறான். நீ சாவு வீட்டுல பாடுனதை எல்லாம் பெட்டிக்குப் பின்னால நின்னு பிடிச்சு வச்சிருக்கான். அதைக் கம்ப்யூட்டருக்குப் போட்டுப் பழக்கிட்டானாம். செத்தவங்க பேரு, ஊரு, பார்த்த வேலை, பிள்ளைங்க எத்தனைன்னு எழுதிக் குடுத்தா அதுவே பாட்டுக் கட்டி உன் குரல்ல பாடிருது. காந்தி மார்க்கெட்ல மூட்டை தூக்குற ஒருத்தர் செத்ததுக்குப் போட்டானாம். எல்லாரும் கதறிட்டாங்களாம். இதுவரைக்கும் மூணு வீடு.

நான் கேட்டேன், "உங்க அம்மாயி முன்பாட்டுக்கு மிசின் வந்துருச்சு, என் பின்பாட்டுக்கு எப்படா வரும்?"னு. "அதுக்கு உங்க வாயை மூடணும் சின்ன அம்மாயி, அது சயின்சுக்கே முடியாது"ங்கிறான் படுவா.

வேற ஒன்னும் அவன் கேக்கல. நானும் ஒன்னும் சொல்லல. நேரத்துக்குச் சாப்பிடு.

காளியாயி


ஸ்ரீரங்கம்
24.6.2024

பேரன் பீமராவுக்கு,

அம்மாயி எழுதுவது. நான் சுகம். நீயும் உன் வீட்டுக்காரியும் சுகமாக இருக்க வேண்டும். போனில் எழுதுகிறேன் என்று சொல்லாதே. தாளில் பதில் எழுது.

காளியாயி எல்லாம் சொன்னாள். என் குரலை எடுத்துக்கொண்டாய், என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாவு விழாத வீட்டில் ஒப்பாரி பாடக் கூடாது என்று நான் ஆற்றங்கரைக்குப் போய்ப் பாடிப் பழகியவள். நீ அதைக் காளியாயி வீட்டுக் கூடத்தில், அவள் பேரப்பிள்ளைகள் விளையாடுகிற இடத்தில் பாட வைத்திருக்கிறாய்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். நான் எல்லாச் சாவுக்கும் போனேன், எல்லாச் சாவுக்கும் ஒரே மாதிரி அழவில்லை. பெண்டாட்டியை அடித்தவன் செத்தால் அவன் நிலம், மாடு, வேலை எல்லாம் பாடுவேன். பெண்டாட்டி பேரை மட்டும் பாட்டில் கொண்டுவர மாட்டேன். முன்னால் உட்கார்ந்திருக்கிற பெண்களுக்குப் புரியும். ஆண்களுக்குப் புரியாது, புரிந்தாலும் எழுந்து நின்று கேட்க முடியாது. விட்டுப் பாடுவதும் பாட்டுதான். உன் கம்ப்யூட்டருக்கு எதை விடவேண்டும் என்று யார் சொல்லிக் கொடுத்தது?

மூட்டை தூக்கியவருக்குப் பாட வைத்தாய், போகட்டும். ஒன்று மட்டும் கேட்கிறேன், இது வரைக்கும் உன்னிடம் எதுவும் கேட்காதவள் கேட்கிறேன். நல்லதம்பிக்கு என் குரல் கேட்கக் கூடாது. காரணம் கேட்காதே.

பதில் எழுது. வண்டியை வேகமாக ஓட்டாதே.

அம்மாயி


பாலக்கரை, திருச்சி
15.7.2024

அம்மாயிக்குப் பீமராவ் எழுதிக்கொள்வது.

இங்கே எல்லோரும் சௌக்கியம். பதில் தாமதமானதுக்கு மன்னிக்கணும். அப்பாவை வாரம் மூணு தடவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவதில் நாளே போய்விடுகிறது.

கேட்காமல் செய்தது தப்புதான். ஆனால் நான் தினமும் சாவு வீடு பார்க்கிறவன் அம்மாயி. ஐஸ் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு நிற்பேன். பத்து வருஷம் முன்னால் நாலு பொம்பளைங்க கட்டிக்கொண்டு அழுவாங்க. இப்போது அவரவர் சேரில் உட்கார்ந்து போன் பார்க்கிறாங்க. அழத் தெரியவில்லை, அழணும் என்று இருக்கிறது. உங்கள் குரல் வந்ததும் போனைக் கீழே வைக்கிறாங்க. மார்க்கெட்காரர் மகள் என் கையைப் பிடித்து, "எங்கப்பாவை இத்தனை வருஷம் யாருமே பேரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லைண்ணே, சுமைன்னுதான் கூப்பிடுவாங்க, அந்தம்மா பேரைச் சொல்லி அழுதாங்க"ன்னு சொன்னா. அது தப்பா?

உங்களுக்குக் காது போனதில் சுருதி நிற்கவில்லை. கோபப்படாதீங்க, உண்மை. உங்களுக்கு அப்புறம் பாட ஆளும் இல்லை. அந்தக் குரல் அப்படியே போயிரணுமா?

அப்பா நேற்று என்னிடம், "உங்கம்மா இருந்திருந்தா என்னை இப்படி விட்டிருக்க மாட்டா"ன்னு சொல்லிவிட்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. நீங்கள் ஏன் அவரை இவ்வளவு வெறுக்கிறீங்க? மறுகல்யாணம் பண்ணினதுக்கா?

நீங்கள் எழுதியதை மனசில் வைத்துக்கொள்கிறேன். மாத்திரை தீர்ந்தால் டோரதியம்மாவிடம் சொல்லி விடுங்கள்.

பீமராவ்


பொன்மலை
7.9.2024

அக்காவுக்கு,

காளியாயி. நான் நல்லா இருக்கேன், நீ நல்லா இருக்கணும்.

செவ்வாய்க்கிழமை நல்லதம்பி போயிட்டான். நானும் போயிட்டு வந்தேன். கூட்டம் இருந்துச்சு. யூனியன்காரங்க கொடி போத்துனாங்க. பீமராவ்தான் கொள்ளி வச்சான். எல்லாம் நல்லபடியா முடிஞ்சது. பதினெட்டாம் தேதி புதன்கிழமை கருமாதி.

மழை வர மாதிரி இருக்கு. முட்டி வலிக்குது.

காளியாயி


ஸ்ரீரங்கம்
11.9.2024

காளியாயிக்கு,

உடம்பு விசாரிப்பு எல்லாம் கடைசியில்.

பழைய சைக்கிளைப் பற்றியே அரைப் பக்கம் எழுதுகிறவள் நீ. ஒரு சாவை ஆறு வரியில் முடித்திருக்கிறாய். யார் வந்தது, யார் என்னைக் கேட்டது, யார் வரவில்லை, ஒன்றும் இல்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்தது.

நேற்று அம்மா மண்டபத்துப் படித்துறையில் நம் பக்கத்துப் பெண் ஒருத்தி என் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் விட்டாள். வாயசைவு புரியவில்லை. கூட வந்த டோரதியின் முகம் மாறிவிட்டது. வீட்டுக்கு வந்து சிலேட்டில் எழுதினாள்: "பொன்மலைல நீங்க மருமகனுக்குப் பாடினது மாதிரி யாரும் பாடினதில்லையாம்." சாவுச் சேதி வந்த அன்றைக்கு எனக்குக் காய்ச்சல், கஞ்சி வைத்துக் கொடுத்ததே டோரதிதான்.

அந்தப் பெண்ணின் போனிலிருந்து டோரதி பாட்டை வாங்கிக்கொண்டாள். எழுது என்றேன். வேண்டாம் என்றாள். என் பாட்டு எனக்குத் தெரிய வேண்டாமா என்றேன். திரும்பத் திரும்பக் கேட்டு, கிழித்த காலண்டர் தாள்களின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தாள். நாலு தாள். ஒன்றை மட்டும் உனக்குப் பார்த்து எழுதுகிறேன்.

*பொன்மலைச் சங்கூதப் போனவரே மருமகனே*
*பூத்த மலர்க்கொடியப் பொத்திவச்ச மருமகனே*
*உள்ளங்கைச் சூடுகூட ஒட்டாமப் பாத்தவரே*
*ஒருநாளும் என்மகள ஒருசொல்லுச் சொல்லாதவரே*

சூடு ஒட்டாமல் பார்த்தானாம். என் குரல் சொல்லியிருக்கிறது. அவளைப் பெற்றவளின் குரல்.

நான் போகாமல் இருந்ததற்கு இப்போது ஒரு அர்த்தமும் இல்லை. நான்தான் போயிருக்கிறேனே. மனசாரப் பாடியிருக்கிறேனே.

மலர்க்கொடியை அவன் எப்படி வைத்திருந்தான் என்று பயலுக்கு யார் சொன்னது? அவனுக்கு அப்போது நாலு வயசு. கம்ப்யூட்டருக்கு எழுதிக் கொடுத்தால்தானே அது பாடும்? சொல்லு.

முட்டி எப்படி இருக்கிறது.

வீராயி


பொன்மலை
15.9.2024

அக்காவுக்கு,

உன் கால்ல விழுந்து எழுதுறேன்.

நான்தான். ஜூன் மாசம் வந்தப்பவே கேட்டான். "சின்ன அம்மாயி, எங்கப்பாவும் அம்மாவும் எப்படி இருந்தாங்க? அம்மாயி சொல்லவே மாட்டேங்குறாங்க"ன்னான். நீதான் மூச்சு விடாதன்னு எழுதியிருந்த. ஒன்னும் சொல்லாம விட்டா கிளறுவானோன்னு பயந்துட்டேன். "நல்லாத்தான் வச்சிருந்தான்டா, ஒரு சொல்லு சொன்னதில்ல, கையில வச்சுத் தாங்குனான்"னு சொல்லிட்டேன். பயல் முகம் எப்படி ஆச்சு தெரியுமா? பூரிச்சுப் போச்சு. அது பாட்டா வரும்னு எனக்குத் தெரியாதுக்கா. உனக்கு எழுதும்போது ஒன்னும் சொல்லலன்னு பொய் எழுதிட்டேன்.

சாவு அன்னைக்கு ஸ்பீக்கர்ல உன் குரல் வந்துச்சு, நீ வீட்டுல இருந்தே பாடி அனுப்புனன்னு எல்லாரும் நெனச்சாங்க. நான் அப்பவே எந்திரிச்சுப் போயிருக்கணும். போகல. இன்னொன்னும் சொல்லிடுறேன், என் நெஞ்சுல நிக்க மாட்டேங்குது. உன் குரல் ஒவ்வொரு அடியா முடிக்க முடிக்க, என் வாய் தானாப் பின்பாட்டு எடுத்துருச்சு. நாப்பது வருசப் பழக்கம். கடைசி அடி வரைக்கும் பாடிட்டேன்.

கருமாதிக்கு நான் வரல. எந்த முகத்தை வச்சுக்கிட்டு வர்றது. நீயும் போகாத. உடம்பைப் பாத்துக்க.

காளியாயி


ஸ்ரீரங்கம்
21.9.2024

பீமராவுக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன். உன் சுகத்தை விசாரிக்க இன்றைக்கு எனக்கு மனசு வரவில்லை. விசாரித்ததாக வைத்துக்கொள்.

புதன்கிழமை கருமாதியில் நடந்ததை நீ பார்த்தாய். நான் பார்த்ததைச் சொல்கிறேன். படையல் முடிந்ததும் எழுந்தேன். பாட்டுக்காரி தானாக எழுந்தால் யாரும் தடுக்கக் கூடாது, அது நம் வழக்கம். யாரும் தடுக்கவில்லை. எனக்கு என் குரல் கேட்கவில்லை. தொண்டையில் அதிர்வு மட்டும் தெரிந்தது. எதிரில் இருக்கிற முகங்களைப் பார்த்துத்தான் பாடினேன்.

*அடுப்பு வெடிக்கலையே ஆருக்கும் தெரியலையே*
*ஊத்துன கைபாத்து ஊருக்கும் சொல்லலையே*

ரெண்டாம் அடியில் முன்வரிசைப் பெண்கள் முந்தானையை வாயில் வைத்தார்கள். தோள் குலுங்கியது. என் பிள்ளைக்காக இத்தனை வருஷம் கழித்தாவது அழுகிறார்களே என்று இன்னும் சத்தமாகப் பாடினேன். நீ ஓடிவந்து என் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போனாய். சிலேட்டில் எழுதினாய்: "எல்லாரும் சிரிக்கறாங்க. என்ன பாடறீங்கன்னே புரியல. ஏன் அப்பாவை அசிங்கப்படுத்தறீங்க?"

உன் பெரியப்பன் சொன்னதைக் கூட வந்த டோரதி பிறகு எழுதிக் காட்டினாள். "அன்னிக்கு அருமையாப் பாடுச்சு, இன்னிக்கு உளறுது. காதோட புத்தியும் போயிருச்சு." அவர்களுக்கு அந்தப் பாட்டுத்தான் வீராயி. நான் யாரோ பைத்தியக்காரக் கிழவி.

அதனால் எழுதுகிறேன். எழுத்துக்குச் சுருதி வேண்டாம். உன் அம்மாவுக்குச் செய்த சத்தியத்தை இந்தத் தாளில் உடைக்கிறேன். அந்தப் பாவம் என்னோடு போகட்டும்.

உன் அம்மா ஸ்டவ் வெடித்துச் சாகவில்லை. உன் அப்பா மண்ணெண்ணெய் ஊற்றினான். சாப்பாட்டில் முடி கிடந்ததென்று ஆரம்பித்த சண்டை. மூன்று நாள் நினைவோடு கிடந்தாள். என்னிடம் சொன்னாள், காளியாயியும் பக்கத்தில் இருந்தாள். உனக்கு அப்பா வேண்டும் என்று வெளியே சொல்லக் கூடாதென்றாள். உனக்காகத்தான் நான் வாயை மூடினேன். மூடிய வாயை நீ திறந்து, அவனைப் புகழ வைத்துவிட்டாய்.

உன்னைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லாமல் விட்ட குற்றம் என்னுடையது. ஆனால் தெரிந்துகொள்.

வீராயி


பாலக்கரை
10.1.2025

அம்மாயிக்கு,

பொங்கலுக்கு அரிசியும் வெல்லமும் ஆளிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். உங்கள் உடம்பு பற்றி டோரதியம்மாவிடம் வாராவாரம் போனில் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அவர் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார், நான்தான் வேண்டாம் என்றேன்.

உங்கள் கடிதத்தை முதலில் நம்பவில்லை. ரெண்டு மாசம் உங்கள் மேல் அவ்வளவு கோபம். சின்ன அம்மாயியிடம் கேட்டேன், அழுததைத் தவிர அவர் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் சித்தியிடம் போனேன். அப்பாவோடு இருபத்திநாலு வருஷம் குடும்பம் நடத்தியவங்க. உங்கள் கடிதத்தைக் கையில் கொடுத்தேன். படித்துவிட்டு மடித்துக் கொடுத்தாங்க. "இது எனக்கு யாரும் சொல்லல. ஆனா அவரு வீட்டுல இருக்கறப்ப நான் ஒரு நாளும் அடுப்பு பத்த வச்சதில்ல பீமா. அவரு ஷிப்டுக்குப் போனப்புறம்தான் சமைப்பேன்"ன்னாங்க. அவ்வளவுதான். எழுந்து உள்ளே போயிட்டாங்க.

நான் அவர் தோளைத் தாங்கி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேனே அம்மாயி. அவர் கால் கழுவினேனே.

இப்போது யார் சாவுக்கும் உங்கள் குரலைப் போடுவதில்லை. கம்ப்யூட்டரில் அழித்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். அழிக்கவில்லை. காரணம் இது. ஆகஸ்டில் தலைத் திவசம் வருகிறது. அன்றைக்கு வந்த அத்தனை பேரும் வருவாங்க. நீங்கள் உண்மையைப் பாட்டாக எழுதிக் கொடுங்கள். உங்கள் பழைய குரலில், நல்ல சுருதியில் நான் பாட வைக்கிறேன். யாரும் சிரிக்க மாட்டாங்க. அந்தக் குரலை எல்லோரும் நம்புவாங்க. பொய்யைச் சொன்ன இடத்திலேயே உண்மையைச் சொல்லிவிடலாம்.

எழுதிக் கொடுங்கள் அம்மாயி.

பீமராவ்


ஸ்ரீரங்கம்
17.1.2025

பேரனுக்கு,

வெல்லம் நல்ல வெல்லம். பொங்கல் வைத்தேன். நாலு மாசம் கழித்து வந்தாலும் உன் கையெழுத்தைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன். நீ இளைத்துவிட்டாய் என்று அரிசி கொண்டுவந்த ஆள் டோரதியிடம் சொன்னானாம். சாப்பிடு.

நீ கேட்டதை எழுத உட்கார்ந்தேன், மறைக்க மாட்டேன். நாலு அடி எழுதியும் விட்டேன், நன்றாகவே வந்தது. என் நல்ல குரலில் அதைப் பாடினால் பொன்மலையே நடுங்கும் என்று எனக்குத் தெரியும். அந்த ஆசையோடு ரெண்டு நாள் இருந்தேன். பிறகு அடுப்பில் போட்டுவிட்டேன்.

அது யார் எழுதிக் கொடுத்தாலும் பாடுகிற வாய். நீ எழுதிக் கொடுத்தாய், அவனைப் புகழ்ந்தது. நான் எழுதிக் கொடுத்தால் அவனை ஏசும். நாளைக்கு உன் பெரியப்பன் எழுதிக் கொடுத்தால் என்னையே ஏசும், அதே உருக்கத்தோடு. மாட்டேன் என்று சொல்லத் தெரியாத வாய் ஆமாம் என்று சொல்லி என்ன பிரயோசனம்? என் மகளின் சாவுக்கு அதைச் சாட்சியாக வைக்க மாட்டேன்.

எனக்குக் குரல் இல்லை. காளியாயிக்குத் தைரியம் இல்லை. அவளுக்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை, எழுத வேண்டும். உன் சித்தி சொல்ல மாட்டாள், அவளுக்கு ஒரு பெண் இருக்கிறாள்.

நீ சொல்லு. பாட்டு வேண்டாம். உன் வாயால், பேசுகிற மாதிரியே, அத்தனை பேர் முன்னால் ஒரு தடவை சொல்லு. நீ அவள் மகன். சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம், நான் கட்டாயப்படுத்த மாட்டேன். உன் குரலை எடுத்துக்கொள்ள எனக்கும் உரிமை இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அம்மாயி


பாலக்கரை
26.8.2025

அம்மாயிக்கு,

பீமராவ். நெற்றியில் மூணு தையல், வேறு ஒன்றும் இல்லை. டோரதியம்மா பார்த்தால் பெரிசாகச் சொல்வார், நம்பாதீங்க. இத்தனை மாசம் எழுதாமல் இருந்தது, செய்ய முடியுமா என்று எனக்கே தெரியாததால்தான்.

ஞாயிற்றுக்கிழமை தலைத் திவசம். பந்தல், சேர், ஸ்பீக்கர் எல்லாம் நான்தான் கொண்டுபோனேன். நூறு பேர் இருக்கும். படையல் முடிந்ததும் மைக்கை எடுத்தேன். அப்பாவைப் பற்றி ரெண்டு வார்த்தை பேசப் போறேன் என்று எல்லோரும் நினைத்து அமைதியானாங்க. மனசில் பாடம் செய்து வைத்திருந்ததெல்லாம் போய்விட்டது. "எங்கம்மா ஸ்டவ் வெடிச்சுச் சாகல. எங்கப்பாதான் ஊத்திக் கொளுத்தினாரு" என்று மட்டும் வந்தது.

பெரியப்பா மைக் ஒயரைப் பிடுங்கினார். மைக் இல்லாமல் மறுபடியும் சொன்னேன். அவர் மகன் சேரைத் தூக்கி அடித்தான். ரத்தம் கண்ணில் இறங்கியது, நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். அப்போது யாரோ போனை ஸ்பீக்கரில் மாட்டி அந்தப் பாட்டைப் போட்டாங்க. நான் அழித்தால் என்ன, எல்லோர் போனிலும் இருக்கிறதே.

உங்கள் குரல் வந்தது அம்மாயி. பொத்திவச்ச மருமகனே என்று. நான் உங்கள் குரலுக்கு மேல் கத்த வேண்டியிருந்தது. கத்தினேன். முடியவில்லை. நல்ல ஸ்பீக்கர், நானே சென்னைக்குப் போய்ப் பார்த்து வாங்கியது. முன்னால் ரெண்டு வரிசைக்கு நான் சொன்னது கேட்டிருக்கும். பின்னால் இருந்தவங்க உங்கள் பாட்டைக் கேட்டு அழ ஆரம்பித்துவிட்டாங்க.

வெளியே தள்ளிவிட்டாங்க. சித்தி மகள் இளவேனில் ஈரத்துண்டோடு பின்னாலேயே ஓடி வந்தாள். காலேஜ் முதல் வருஷம் படிக்கிறாள். அவள் ரெண்டாவது வரிசையில் இருந்தாள். நெற்றியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "அப்ப அம்மாயி பாடுறது?"ன்னு கேட்டாள். உள்ளே பாட்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"அது அம்மாயி இல்ல. நான் எழுதிக் குடுத்தேன், மிசின் பாடுச்சு"ன்னேன்.

துண்டைத் திருப்பி மடித்து அழுத்தினாள். அப்புறம், "கருமாதிக்கு நேர்ல வந்து பாடினாங்களே, நாங்கல்லாம் சிரிச்சமே, அது?"ன்னாள்.

"அதுதான் அம்மாயி"ன்னேன்.

துண்டை என் கையில் கொடுத்துவிட்டு ரோட்டு ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

தையல் பிரித்ததும் வந்து பார்க்கிறேன். மாத்திரையை விடாமல் போடுங்கள்.

உங்கள் மகள் மலர்க்கொடியின் மகன்,
பீமராவ்